முதற்பலன் ஏலம்: கூவிய தொகை கைக்கு வர வேண்டும்

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களின் கிராமத் தேவாலயங்களில் அறுப்பின் பண்டிகை என்றால் விவசாயிகளுக்கு முதலில் நினைவு வருவது ஏலம்தான். வயலிலும் தோட்டத்திலும் விளைந்தவற்றில் முதற்பலனைக் காணிக்கையாகப் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அவை ஏலம் விடப்படும். வாழைத்தார், தேங்காய், பலாப்பழம், பூசணி, மரச்சீனிக்கிழங்கு, கோழி, ஆடு, முட்டை எல்லாம் வந்து குவியும். இங்கிலாந்தில் கார்ன்வால் பகுதியின் மார்வென்ஸ்டோ ஆலயத்தில் 1843-ஆம் ஆண்டு ராபர்ட் ஹாக்கர் என்ற பாதிரியார் நடத்திய அறுவடை நன்றி ஆராதனையே இக்கால அறுப்புப் பண்டிகைக்குத் தொடக்கம் என்பர்.

சந்தையில் 400 ரூபாய் பெறும் தாரை இங்கே அதைவிடக் கூடுதலாகக் கொடுத்து எடுப்பவர் உண்டு. எடுத்தவரே திருப்பிக் கொடுத்துவிட, அதே தார் மறுபடியும் ஏலத்துக்கு வருவதும் உண்டு. ஆனால் கூவிய தொகை முழுவதும் வசூலாகாவிட்டால், கூரை போடவோ ஏழை மாணவர்களுக்கு உதவவோ எண்ணிய பணம் ஏட்டிலேயே நின்றுவிடும். பள்ளிக்காகவோ நூலகத்துக்காகவோ ஏலம் நடத்தும் ஊர்களுக்கும் இது பொருந்தும்.

முன்னேற்பாடு

பணம் எதற்கு என்பதையும், எவ்வளவு தேவை என்பதையும் ஒரு மாதம் முன்பே ஊருக்குச் சொல்லிவிட வேண்டும். "நல்ல காரியத்துக்கு" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "பள்ளிக் கட்டடத்தின் கிழக்குப் பக்கக் கூரைக்கு" என்றால் கேட்பவர்கள் மனம் வைத்துக் கேட்பார்கள். பந்தல், ஒலிபெருக்கிச் செலவுகளுக்குத் தனியாக நன்கொடை பெறுவது நல்லது. ஏலப்பணத்தில் கைவைக்க நேராது.

விளைபொருளின் பக்குவம்

வாழைத்தாரைக் காம்பு நீளமாக விட்டு வெட்டி, சருகு சுற்றிக் கொண்டுவர வேண்டும். பூசணியைக் காம்போடு பறித்தால் நாள்படத் தாங்கும். முட்டைகளை உமியிலோ வைக்கோலிலோ வைக்கலாம். கோழிகளைத் தலைகீழாகத் தொங்கவிடாமல் கூடையில் கொண்டுவர வேண்டும். ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டி நிழலில் கட்ட வேண்டும். வெயில் ஏறும் முன்பே கால்நடைகளின் ஏலத்தை முடித்துவிடுவது நல்லது.

வந்த பொருள் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, கொடுத்தவர் பெயரோடு ஏட்டில் எழுத வேண்டும். நாலு முட்டை, ஒரு படி பயறு போன்ற சிறு காணிக்கைகளை ஒன்றாகக் கூறு கட்டி ஏலம் விடலாம். அப்போதும் கொடுத்த எல்லார் பெயரையும் ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால், இல்லாதவர்கள் அடுத்த ஆண்டு கூச்சப்பட்டு நின்றுவிடுவார்கள்.

ஏல மேடையில்

ஆரம்பக் கேள்வியைச் சந்தை விலையில் பாதியாக வைத்தால் பலரும் துணிந்து கேட்பார்கள். எல்லாரும் வாங்கக்கூடிய சிறு பொருள்களில் தொடங்கி, கூட்டம் நிறைந்திருக்கும் நடுப்பொழுதில் பெரிய தார்களை எடுக்க வேண்டும். கடைசிக்கு வைத்தால் பாதிப்பேர் வீட்டுக்குப் போயிருப்பார்கள். "ஒரு தரம், இரண்டு தரம்" என்று நிதானமாகக் கூவி, வேறு யாரும் கேட்கவில்லை என்று தெரிந்த பிறகே மூன்றாம் தரம் சொல்ல வேண்டும். வசதி குறைந்தவரைப் பெயர் சொல்லி அழைத்து விலை ஏற்றத் தூண்டுவது தகாது. வீம்புக்கு ஏறிய விலையே பின்னால் பாக்கியாக நிற்கும்.

வசூலும் கணக்கும்

கூவுபவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர், பணம் வாங்குபவர் ஒருவர் என்று மூன்று பேர் வேண்டும். ஒருவரே எல்லாம் பார்த்தால் தவறு நேர்ந்தாலும் தெரியாது. நேராவிட்டாலும் சந்தேகம் வரும். பணம் கட்டி ரசீது வாங்கிய பிறகே பொருளைக் கொடுப்பது சிறந்த முறை. தவணை தருவதானால், தேதி குறித்து ஏட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். திரும்ப ஏலம் விட்ட பொருளுக்கு ஒவ்வொரு முறையும் தனி வரி எழுத வேண்டும்.

அன்று மாலையே இருவர் சேர்ந்து பணத்தை எண்ணி ஏட்டோடு ஒத்துப் பார்த்து, அடுத்த வேலை நாளில் வங்கியில் கட்டிவிட வேண்டும். ஏலத்தொகை, வசூலானது, பாக்கி ஆகிய மூன்றையும் ஒரு வாரத்துக்குள் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடலாம். பணம் செலவான பிறகு அதன் கணக்கையும் அதே பலகையில் போட்டால், அடுத்த அறுவடையில் முதல் தாரைக் கொண்டுவர யாரும் தயங்க மாட்டார்கள்.