ஈயமும் பித்தளையும்: 150 வருஷத் துப்பாக்கிக்குத் தோட்டா எங்கே கிடைக்கும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னிக்கு ஒரு சின்னக் கேள்வியில ஆரம்பிக்கலாம். உங்க வீட்டுல 2005-ல வாங்கின பிரிண்டர் ஒண்ணு இருக்கு. மெஷின் நல்லா ஓடுது. ஆனா அதுக்கான மை டப்பாவைக் கம்பெனி நிறுத்திடுச்சு. என்ன பண்ணுவீங்க? தூக்கிப் போடுவீங்க, இல்லைன்னா நீங்களே மை நிரப்பக் கத்துக்குவீங்க.

இப்போ பிரிண்டர் இருக்கிற இடத்துல 150 வருஷப் பழைய ரைபிளை வைங்க. மை தப்பாப் போனா பேப்பர் கெடும். இங்கே தப்பாப் போனா, உங்க கன்னத்துக்கு ஒரு ஜாண் தள்ளி வெடிக்கும்.

ஆபீஸ் வேலையா ஒஹையோவில எட்டு மாசம் இருந்தப்போ இதை நேர்ல பார்த்தேன். எங்க டீம்ல ஒரு சீனியர். அறுபது வயசு, டேட்டாபேஸ் ஆள், அதிகம் பேச மாட்டார். ஒரு சனிக்கிழமை தன் வீட்டு ஷெட்டுக்குக் கூப்பிட்டார். சுவத்துல ஒரு ஸ்னைடர் ரைபிள். நான் சுடலை, கையில எடுக்கவும் இல்லை. வேலை விசாவுல போன இடத்துல வம்பு எதுக்குன்னு வேடிக்கை மட்டும் பார்த்தேன்.

இன்னொண்ணும் முன்னாடியே சொல்லிடறேன். இது செய்முறை வகுப்பு இல்லை. நம்ம ஊர்ல 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்கிறது குற்றம்.

பழசை வெட்டிப் புதுசாக்கின கதை

1853-ல பிரிட்டிஷ் ராணுவம் என்ஃபீல்டு ரைபிளை எடுத்துக்கிச்சு. அது வாய் வழியா மருந்தும் குண்டும் போட்டு இடிக்கிற வகை. பத்துப் பதினைஞ்சு வருஷத்துல பின்பக்கமாத் தோட்டா போடுற துப்பாக்கிகள் வந்துடுச்சு. கையில லட்சக்கணக்குல பழைய என்ஃபீல்டு. எல்லாத்தையும் தூக்கிப் போட்டுப் புதுசு வாங்கக் காசு யார் தர்றது? நம்ம ஆபீஸ்ல பழைய சிஸ்டத்தை என்ன செய்வோமோ, அதையே அவங்களும் செஞ்சாங்க. 1866-ல, ஜேக்கப் ஸ்னைடர்ங்கிற அமெரிக்கரோட யோசனைப்படி, குழலோட பின்பக்கத்தைக் கொஞ்சம் வெட்டி, கீல் வச்ச ஒரு மூடியைப் பொருத்தினாங்க. முன்பாதி பழசு, பின்பாதி புதுசு.

அந்த ஷெட்டுல இருந்தது நேபாளத்துல இருந்து வந்த துப்பாக்கி. காத்மாண்டுவுல ஒரு பழைய அரண்மனைக் கிடங்குல தூசி படிஞ்சு கிடந்த ஆயிரக்கணக்கான துப்பாக்கிகள் 2003-ல விலைக்குப் போய் அமெரிக்கா சேர்ந்துச்சு. அதுல ஒண்ணு இது. பழம்பொருள்தான், ஆனா இன்னும் சுடும். தோட்டா மட்டும் கடையில சுலபமாக் கிடைக்காது.

ஏன் ஈயம்?

ஈயம்னதும் பாட்டியோட ஈயச்சொம்பு ரசம் ஞாபகம் வரும். அது வெள்ளீயம், வேற உலோகம். இங்கே பேசறது காரீயம். விஷம். அதுக்குப் பின்னாடி வர்றேன்.

ரைபிள் குழலுக்குள்ள சுருள் சுருளா வரிப்பள்ளம் இருக்கும். அது குண்டைப் பம்பரம் மாதிரி சுத்த வைக்கும். சுத்தினாத்தான் நேராப் போகும். குண்டு அந்தப் பள்ளத்தை இறுக்கிப் பிடிச்சாத்தான் சுத்தும். ஆனா வாய் வழியாப் போடுற துப்பாக்கியில இறுக்கமா இருந்தா உள்ளே இறங்காது. தளர்வா இருந்தா சுத்தாது. இந்த முடிச்சை 1849 வாக்குல பிரான்ஸோட கிளாட் மினியே அவிழ்த்தார். குண்டோட அடியில குழி விட்டார். மருந்து வெடிச்சதும் வாயு அந்தக் குழியை உள்ளிருந்து தள்ளி விரிக்கும். தளர்வா உள்ளே போன குண்டு, இறுக்கமா வெளியே வரும்.

இது நடக்க ஈயம் மென்மையா இருந்தே ஆகணும். கார் சக்கரத்துல ஒட்டுற பழைய எடைத் துண்டுகள் ஈயம்தான், மலிவாவும் கிடைக்கும். ஆனா அதுல ஆன்டிமனி கலந்திருக்கும், கடினம். அதுல வார்த்தா அடிப்பக்கம் சரியா விரியாது. வாயு பக்கவாட்டுல கசியும், ஈயம் குழல்ல அப்பிக்கும். அவர் ஒரு கட்டியை எடுத்து நகத்தால கீறிக் காட்டினார். கோடு விழுந்தது. “இது போதும்”னார்.

காரீயம் 327 டிகிரியில உருகும். வார்க்க இன்னும் கொஞ்சம் சூடு வேணும். அச்சு ஆறியிருந்தா குண்டுல சுருக்கம் விழும். ரொம்பச் சுட்டா மேல்பரப்பு பனி படர்ந்த மாதிரி வெளுக்கும். இட்லித் தட்டு மாதிரிதான், முதல் ஈடு தேறாது. முதல் பத்துக் குண்டு திரும்பப் பானைக்கே போச்சு. அந்தப் பானையில ஒரு சொட்டுத் தண்ணி மட்டும் விழவே கூடாது. தண்ணி உருகின ஈயத்துக்கு அடியில மாட்டி, சட்டுனு ஆவியாகி, ஈயத்தையே வாரி இறைக்கும். மழைத் தூறல் ஆரம்பிச்சதும் அவர் அடுப்பை அணைச்சுட்டார்.

ராணுவக் குண்டோட எடை ஏறக்குறைய 31 கிராம். ஏகே-47 குண்டு சுமார் 8 கிராம். விரல் நுனி அளவு சாமான், கையில வச்சா அவ்வளவு கனம்.

பித்தளைக் கூடு

“ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை”னு நம்மகிட்ட பழமொழி இருக்கு. இந்தத் தோட்டாவுல ரெண்டும் ஒண்ணாத்தான் குடித்தனம் பண்ணணும். முன்னாடி ஈயக் குண்டு, பின்னாடி பித்தளைக் கூடு.

ஸ்னைடர் கூட்டுக்கு ஒரு குறுக்குவழி இருக்கு. 24 கேஜ் ஷாட்கன்னுக்கான பித்தளைக் கூட்டை வாங்கி, வெட்டி, அளவுக்குக் கொண்டு வருவாங்க. அடியில பிரைமர்னு ஒரு சின்ன மூடி. ஊசி தட்டினா பொறி பறக்கிறது அதுலதான். ஸ்னைடருக்குத் தோட்டா வடிவமைச்ச பிரிட்டிஷ் அதிகாரி எட்வர்டு பாக்ஸர். அவர் பேர்ல இருக்கிற பிரைமர் வகைதான் இன்னிக்கு அமெரிக்காவுல பரவலா ஓடுது. அமெரிக்கரான ஹிரம் பெர்டான் கண்டுபிடிச்ச வகை ஐரோப்பாவுல அதிகம் ஓடுச்சு. பாக்ஸர் வகைக் கூட்டுல நடுவுல ஒரே ஓட்டை. உள்ளேருந்து ஒரு கம்பியை விட்டுத் தட்டினா பழைய பிரைமர் கழண்டுடும், கூட்டைத் திரும்பப் பயன்படுத்தலாம். வீட்டுல தோட்டா நிரப்புறவங்க அதை விரும்ப வேற காரணமே வேண்டாம்.

மருந்துதான் விஷயம்

பழைய துப்பாக்கி எல்லாம் கருமருந்துக்காகச் செஞ்சது. வெடியுப்பு, கரி, கந்தகம். 1884-ல பால் வியே பிரான்ஸ்ல புகையில்லா மருந்தைக் கண்டுபிடிச்சார். அதே இடத்துல பல மடங்கு சக்தி. அந்த வேகத்துல வெறும் ஈயம் வரிப்பள்ளத்தைப் பிடிக்க முடியாம வழுக்கும். அதனால குண்டுக்குச் செம்பு உறை வந்துச்சு. அழுத்தம் ஏறினதால குழலுக்கு நல்ல எஃகு வேணும்னு ஆச்சு. ஒரு லைப்ரரியை அப்டேட் பண்ணப் போய், முழு புராஜெக்டையும் மாத்தி எழுதின கதை.

இப்போ புது மருந்தைப் பழைய இரும்புக் குழல்ல போட்டா? குழலே கிழியும்.

எனக்குப் பிடிச்ச பாயிண்ட் இதுதான். கருமருந்துக்குச் செஞ்ச கூடு, ஒரு அளவு மருந்துலயே ஏறக்குறைய நிரம்பிடும். மறந்துபோய் ரெண்டாவது தடவை போட்டா வழிஞ்சு கொட்டும். கண்ணுக்குத் தெரியும். புகையில்லா மருந்து பல கூடுகள்ல அடியில கொஞ்சம்தான் இருக்கும். ரெண்டு தடவை போட்டாலும் உள்ளே இடம் மிச்சம் இருக்கும், வெளியே ஒண்ணும் தெரியாது. பழைய டிசைன்ல தப்பு செய்யறதே கஷ்டம். புதுசுல தப்பு சத்தமில்லாம உள்ளே போய் உக்காந்துக்கும்.

அன்னிக்கு அவர் தன்னோட இன்னொரு நவீன ரைபிளுக்குத் தோட்டா நிரப்பிட்டிருந்தார். நான் நடுவுல ஏதோ கேட்டேன். பதில் சொல்லிட்டு ட்ரேயைப் பார்த்தார். எந்தக் கூடு வரைக்கும் போட்டோம்னு சந்தேகம். ஒரு வார்த்தை பேசலை. ஐம்பது கூட்டையும் கவுத்து மருந்தைக் கொட்டிட்டு, முதல்ல இருந்து ஆரம்பிச்சார். ஒரு மணி நேர வேலை போச்சு. “சாரி”ன்னேன். “நீ கேட்டது தப்பில்ல, நான் பதில் சொன்னதுதான் தப்பு”ன்னார். சனிக்கிழமை ராத்திரி புரொடக்ஷன்ல நேரடியாக் கைவச்ச எனக்கு அது சுருக்குனு பட்டுச்சு.

அந்தக் கொழுப்பு

கருமருந்து எரிஞ்சா குழல்ல நிறையக் கசடு தங்கும். அதை இளக வைக்கக் குண்டுல மெழுகும் கொழுப்பும் தடவணும். அவர் தேன்மெழுகு பயன்படுத்தினார். அதைப் பார்த்ததும் பள்ளிக்கூட வரலாறு சட்டுனு புரிஞ்சது. 1857-ல என்ஃபீல்டு தோட்டாவுல இருந்த கொழுப்பு இதுக்குத்தான். தோட்டா ஒரு காகிதப் பொட்டலம். அதைப் பல்லால கடிச்சுக் கிழிக்கணும்கிறது டிரில் விதி. பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்புன்னு பேச்சு பரவுச்சு. சிப்பாய்கள் தாங்களே மெழுகும் எண்ணெயும் தடவிக்கலாம், கையால கிழிச்சா போதும்னு அரசு அப்புறமா மாத்துச்சு. டெக்னிக்கலா பிரச்சினை தீர்ந்துச்சு. ஆனா அதுக்குள்ள நம்பிக்கை போயிடுச்சு. இது எதுல செஞ்சதுன்னு கேட்டவனுக்கு நேர்மையான பதிலைச் சொல்லாம விட்டதுக்கு எந்தப் பேட்ச் ஃபைலும் கிடையாது.

கேட்டவர்களுக்குப் பதில்

“ஈயப் புகைதானே ஆபத்து?”னு ஒருத்தர் கேட்டிருந்தீங்க. காத்தோட்டம் கண்டிப்பா வேணும். ஆனா வார்க்கிற சூட்டுல ஈயம் ஆவியாகிறது ரொம்பக் குறைவு. பெரிய ஆபத்து பானை மேல மிதக்கிற சாம்பல் மாதிரித் தூசி. அது கையில ஒட்டி, டிபன்ல ஏறி, வாய்க்குள்ள போகும். குழந்தைகளோட மூளையை அதிகம் பாதிக்கும். இவ்வளவு வரைக்கும் பரவாயில்லைன்னு ஈயத்துக்கு அளவே கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அவர் ஷெட்டுக்குள்ள தண்ணி கூடக் குடிக்க மாட்டார். அந்தச் சட்டை தனியாத் துவைக்கப்படும். பேரப் பிள்ளைகளுக்கு உள்ளே அனுமதி இல்லை. வருஷம் ஒரு தடவை ரத்தத்துல ஈய அளவு சோதிச்சுக்குவார்.

எல்லாம் முடிச்சு அன்னிக்கு ஸ்னைடருக்குத் தேறினது 12 தோட்டா. ஒரு நாள் முழுக்க உழைச்சது அதுக்குத்தான். கடையில ஒரு டப்பா வாங்கினா, அதைச் சரிபார்க்க யாரோ சம்பளம் வாங்கியிருப்பாங்க. இங்கே எழுதறவனும் டெஸ்ட் பண்றவனும் ஒரே ஆள். சந்தேகம் வந்தா கொட்டிடணும். அவ்வளவுதான்.