அதிகம் விற்ற நிகழ்பட விளையாட்டுக் கருவி எது?

கன்சோல் எனப்படும் நிகழ்பட விளையாட்டுக் கருவிகளின் விற்பனையில் முதலிடம் யாருக்கு என்பது, எவற்றைக் கணக்கில் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. இக்கருவிகளில் தொலைக்காட்சியுடன் இணைத்து ஆடுபவை, கையடக்கமானவை என இரு முதன்மை வகைகள் உள்ளன.

தொலைக்காட்சியுடன் இணைக்கும் கருவிகளை மட்டும் எண்ணினால் சோனியின் பிளேஸ்டேசன் முந்துகிறது. 1994 இல் அறிமுகமான இவ்வரிசையின் முதல் நான்கு கருவிகள் மட்டுமே 46 கோடியைக் கடந்தன. அவற்றுள் 2000 இல் வெளியான பிளேஸ்டேசன் 2 இன் பங்கு 15.5 கோடிக்கும் அதிகம். நின்டெண்டோவின் ஃபேமிகாம் முதல் வீ யூ வரையிலான ஆறு கருவிகள் ஏறத்தாழ 28 கோடி விற்றன.

கையடக்கக் கருவிகளைச் சேர்த்தால் நின்டெண்டோ முதலிடம் பெறுகிறது. கேம் பாய், கேம் பாய் அட்வான்சு, டிஎஸ், 3டிஎஸ் ஆகியவை மட்டும் சுமார் 43 கோடி விற்றன. 2017 இல் வெளியான சுவிட்ச் இரு வகையிலும் இயங்குவதால் அதை எதில் சேர்ப்பது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இது 15 கோடியைத் தாண்டியது; முழுவதும் முதல் வகையில் சேர்த்தாலும் பிளேஸ்டேசனே அவ்வகையில் முன்னிற்கும்.

நிறுவனங்கள் வெளியிடும் எண்கள் பெரும்பாலும் கடைகளுக்கு அனுப்பப்பட்டவை. வாடிக்கையாளர் வாங்கியவை அல்ல. எக்ஸ்பாக்ஸ் கருவிகளின் விற்பனை எண்ணிக்கையை வெளியிடுவதை மைக்ரோசாப்ட் 2015 இல் நிறுத்தியது. எனவே அதற்குப் பிந்தைய எக்ஸ்பாக்ஸ் எண்கள் மதிப்பீடுகளே. ஒப்பிடும்முன் கருவியின் வகையையும் எண்ணும் முறையையும் சரிபார்ப்பது அவசியம்.