முதலில் பின் டயரை எடுங்கள்

லெகோ கட்டைகளில் டிராக்டர் செய்ய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் பானெட்டில்தான் தொடங்குவார்கள். டிராக்டர் என்றதும் கண்ணில் படுவது அதுதானே! சிவப்போ நீலமோ ஒரு நிறத்தைப் பிடித்து, முகப்பு விளக்கை வைத்து, சைலன்சரை நட்டு அழகு பார்ப்பார்கள். பிறகு மோட்டாரைக் கொண்டுவந்தால் அதற்கு இடம் இருக்காது. இடம் கிடைத்தாலும் கியருக்கு இருக்காது. எல்லாவற்றையும் ஒருவழியாகத் திணித்து ஸ்விட்சைப் போட்டால் வண்டி நகராமல் முனகும், அல்லது ரேஸ் கார் மாதிரி பாய்ந்து சுவரில் முட்டும்.

மோட்டார் வைத்து ஓடும் டிராக்டருக்குத் தொடக்கப்புள்ளி பின் டயர். அளவு, வேகம், எடை மூன்றையும் அந்த ஒரு பொருளே தீர்மானித்துவிடும். எப்படி என்பதைப் பார்ப்பதற்கு முன் ஒரு சின்ன வரலாறு.

லெகோவுக்கும் டிராக்டருக்கும் சொந்தம் பழையது. டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில் மரப்பொம்மை செய்துகொண்டிருந்த நிறுவனம் அது. இன்று நாம் அறிந்த கட்டைக்கு 1958இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. அதற்கும் முன்பே, 1950களின் தொடக்கத்தில், பெர்குசன் டிராக்டரைப் பிளாஸ்டிக் பொம்மையாக விற்றது. கியரும் அச்சும் கொண்ட வரிசை 1977இல் வெளிவந்தபோதும் முதல் தொகுப்புகளில் ஒன்று டிராக்டர்தான். அதன் எண் 851. அந்த வரிசைக்கு டெக்னிக் என்ற பெயர் வந்தது 1984இல். 2016இல் வந்த கிளாஸ் செரியான் 5000 டிராக்டர் தொகுப்பில், தற்செயலோ என்னவோ, சரியாக 1977 துண்டுகள். நமக்கு வேண்டிய பெரிய டயர் அந்தத் தொகுப்பில் இருக்கிறது. உதிரியாகவும் வாங்கலாம். 107 x 44 என்று தேடுங்கள்: வெளிவிட்டம் 107 மி.மீ., அகலம் 44 மி.மீ.

இப்போது நிஜ டிராக்டரிடம் போவோம். நம் ஊர்ச் சாலையில் நிற்கும் 45 குதிரைத்திறன் வண்டியின் பின் டயர் ஓரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் 13.6-28 என்று போட்டிருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் அது உட்காரும் ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில். அந்த டயர் நிமிர்ந்து நின்றால் உயரம் ஏறத்தாழ 1,300 மி.மீ. வரும். அதை 107ஆல் வகுத்தால் விடை 12. அப்படியானால் நம் மாதிரி பன்னிரண்டில் ஒரு பங்கு. இனி எந்த அளவையும் யோசிக்க வேண்டியதில்லை. நிஜ வண்டியை டேப் வைத்து அளந்து 12ஆல் வகுத்தால் போதும்.

முன் டயரில் 6.00-16 என்றிருக்கும். அதன் உயரம் முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 12ஆல் வகுத்தால் 61 மி.மீ. லெகோவில் 62.4 x 20 என்று ஒரு டயர் இருக்கிறது; இதற்கென்றே செய்ததுபோல் பொருந்தும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம் நிஜத்தில் 1.9 மீட்டர் என்றால் மாதிரியில் 158 மி.மீ. லெகோவில் ஒரு குமிழிலிருந்து அடுத்த குமிழுக்கு 8 மி.மீ., டெக்னிக் கட்டையின் துளைகளுக்கு இடையிலும் அதே 8 மி.மீ. ஆகவே நமக்கு 20 துளை. பானெட்டின் அகலம் 60 செ.மீ. என்றால் 50 மி.மீ., அதாவது 6 குமிழ்.

ஒன்றை மட்டும் சகித்துக்கொள்ள வேண்டும். 13.6 அங்குல அகலத்தை 12ஆல் வகுத்தால் 29 மி.மீ.தான் வருகிறது, நம் டயரோ 44. முன் டயரும் அப்படித்தான், கொஞ்சம் பருமன். உயரத்தைச் சரியாகப் பிடித்துவிட்டால் அகலத்தில் உள்ள குறையைக் கண் மன்னித்துவிடும். மாறாக அகலத்தைப் பிடித்து உயரத்தை விட்டால் வண்டி டிராக்டராகவே தெரியாது.

அடுத்து வேகம். பெரும்பாலோர் தடுமாறும் இடம் இது. உழவில் டிராக்டர் மணிக்கு 5 கி.மீ. அளவில் போகும். பன்னிரண்டில் ஒரு பங்கு என்றால் வினாடிக்கு 11, 12 செ.மீ. நம் டயர் ஒரு சுற்றுச் சுற்றினால் 33.6 செ.மீ. நகரும். ஆக, சக்கரம் நிமிடத்துக்கு 21 சுற்று சுற்றினால் சரி. ஆனால் லெகோவின் எல் மோட்டார் சுமை இல்லாமல் 390 சுற்று வரை ஓடும். ஓரளவு சுமையோடு ஏறத்தாழ 270. இந்த 270ஐ 21ஆக இறக்குவதுதான் கியரின் வேலை. இறக்க இறக்க, வேகம் குறைந்த அளவுக்கு இழுவை கூடும். இன்னும் பெரிய மோட்டார் போட்டால் வண்டி ஓடிவிடும் என்பது தவறான நம்பிக்கை. கியரில் இறக்காத பெரிய மோட்டாரைவிடச் சரியாக இறக்கிய சின்ன மோட்டார் அதிகம் இழுக்கும்.

லெகோ கியர்களில் ஓர் அழகான ஒழுங்கு உண்டு. பற்களின் எண்ணிக்கை எதுவோ, மி.மீ. கணக்கில் அதுவே கியரின் விட்டம் (பல் பல்லோடு பொருந்தும் வட்டத்தை அளந்தால்). 8 பல் கியர் 8 மி.மீ., 24 பல் கியர் 24 மி.மீ. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 16 மி.மீ., அதாவது 2 துளைத் தூரம். 8ம் 40ம் சேர்ந்தால் 24 மி.மீ., 3 துளை. 16ம் 24ம் சேர்ந்தால் 20 மி.மீ., இரண்டரைத் துளை, நேர்வரிசையில் பொருந்தாது. இந்தக் கூட்டலை மனத்தில் போட்டுப் பார்த்துவிட்டால் பாதி நாள் மிச்சம்.

நம் வண்டிக்கு ஒரு கணக்கு. மோட்டாரிலிருந்து வரும் அச்சின் முனையில் 12 பல் கியர், அது டிபரன்ஷியலின் 28 பல்லைச் சுற்றட்டும். 270 சுற்று 116ஆகிவிடும். டிபரன்ஷியலிலிருந்து இருபுறமும் வெளியே வரும் அச்சுகளில் ஆளுக்கொரு 8 பல் கியர், அவை சக்கர அச்சிலுள்ள 40 பல் கியரைச் சுற்றட்டும். 116 இப்போது 23ஆகிவிட்டது. வினாடிக்கு 13 செ.மீ.; நிஜ வண்டிக் கணக்கில் மணிக்கு 5.6 கி.மீ. உழவு வேகம் வந்துவிட்டது.

பெரிய இறக்கத்தைச் சக்கரத்துக்குப் பக்கத்தில், டிபரன்ஷியலுக்குப் பிறகு வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. இழுவை கூடும் இடத்துக்குப் பின்னால் வரும் பாகமெல்லாம் அந்த முறுக்கைத் தாங்கியாக வேண்டும். மோட்டார் பக்கத்திலேயே இறக்கிவிட்டால் நடுவிலுள்ள நீளமான பிளாஸ்டிக் அச்சு முறுக்கேறி வளையும். டிபரன்ஷியலுக்குள் இருக்கும் குட்டி 12 பல் கியர்கள் கடகடவென்று பல் தாண்டும். அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டால் மறக்காது. நிஜ டிராக்டரிலும் பின் அச்சில் பைனல் டிரைவ் என்று கடைசி இறக்கம் தனியாக இருப்பதன் நியாயமும் இதுவே.

டிபரன்ஷியல் எதற்கு என்று கேட்கலாம். வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டையும் ஒரே அச்சில் பூட்டினால் ஒன்று தரையில் தேயும், திருப்பமும் பெரிதாகிவிடும். சரியாகப் பூட்டியிருக்கிறீர்களா என்று சோதிக்க எளிய வழி: வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, மோட்டார் ஓடாத நிலையில், ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மறுசக்கரம் எதிர்த்திசையில் அதே வேகத்தில் சுற்ற வேண்டும்.

வண்டியின் சட்டகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கியர் தாங்கும் அச்சு ஒவ்வொன்றையும் இருபுறமும் கட்டையில் பிடித்துக் கட்டுங்கள். ஒருபுறம் மட்டும் தாங்கினால் அச்சு சாய்ந்து பல் நழுவும். அச்சு நகராமல் பிடிக்கும் புஷ்ஷைக் கட்டையோடு ஒட்ட இறுக்காதீர்கள். ஒரு தாள் நுழையும் இடைவெளி இருக்கட்டும். சுழலும் இடத்தில் கறுப்பு பின் போடக் கூடாது, அது இறுகப் பிடிக்கும் வகை. சாம்பல் நிறப் பின் தளர்வாகச் சுழலும். மோட்டாரை மாட்டும் முன் கியர் தொடர் முழுவதையும் விரலால் சுற்றிப் பாருங்கள். எங்காவது பிடித்தால், பிடிக்கும் இடத்தைச் சரிசெய்யாமல் மேலே போக வேண்டாம்.

அடுத்தது எடை. நீளம் 12 பங்கு குறைந்தால் எடை 12 x 12 x 12, அதாவது 1,728 பங்கு குறையும். 2,000 கிலோ டிராக்டர் மாதிரியில் 1,150 கிராம் சொச்சம். மோட்டாரும் பேட்டரியும் பெரிய டயர்களும் சேர்ந்த லெகோ டிராக்டரும் ஒரு கிலோவை ஒட்டி வரும் என்பதால் இந்த அளவு நமக்குத் தோதானது. ஆனால் எடை எங்கே உட்காருகிறது என்பது முக்கியம். இழுப்பது பின்சக்கரம் என்பதால் எடையின் பெரும்பங்கு பின்னால் இருக்க வேண்டும். முன்னால் போதுமான அளவு இல்லாவிட்டாலோ பாரம் இழுக்கும்போது முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும். இன்ஜின் இருக்கும் இடத்தில், பானெட்டுக்குள், பேட்டரிப் பெட்டியை வையுங்கள். மோட்டார் ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே போகட்டும். அதன்பிறகும் பின்சக்கரம் வழுக்கினால், நிஜ டிராக்டர்க்காரர்கள் பின் டயரில் தண்ணீர் நிரப்புவதைப்போல நீங்கள் ரிம்முக்குள் பாரம் சேர்க்கலாம்.

முன் அச்சை இறுக்கிப் பூட்டிவிடாதீர்கள். வரப்பில் ஏறும் டிராக்டரைக் கவனித்திருந்தால் தெரியும், முன் அச்சு நடுவில் ஒரே பின்னில் தொங்கி இப்படியும் அப்படியும் ஆடும். பானெட் ஆடாது. மாதிரியிலும் ஒரு சாம்பல் பின் போதும், நான்கு சக்கரமும் எப்போதும் தரையில் இருக்கும். பலரும் விட்டுவிடும் பாகம் இது. எனக்கோ மொத்த வண்டியிலும் பிடித்த இடம் இதுதான்.

பின்னால் கலப்பை மாட்டும் மும்முனை இணைப்பு இல்லாவிட்டால் டிராக்டர் முழுமையாகாது. கீழே இரண்டு கை, மேலே ஒரு டாப் லிங்க். இந்த ஏற்பாட்டை உலகுக்குப் பரப்பியவர் இன்றைய வட அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன். போர்டு நிறுவனத்தோடு சேர்ந்து 1939இல் வெளிவந்த போர்டு-பெர்குசன் டிராக்டர் அதைப் பெருமளவில் கொண்டுசேர்த்தது. அவர் பெயரைத் தாங்கும் மாசி பெர்குசன் டிராக்டர்கள் சென்னையில் 1960இல் தொடங்கிய டாஃபே வழியாக நம் வயல்களுக்கு வந்தன. முன்பெல்லாம் சும்மா கட்டி இழுத்த கலப்பை வேரில் மாட்டினால் டிராக்டர் மல்லாந்துவிடும் ஆபத்து இருந்தது. டாப் லிங்க், வண்டியை மல்லாத்தும் அந்த விசையை முன்பக்கம் திருப்பி முகப்பைத் தரையோடு அழுத்தும். கலப்பை மண்ணில் இழுபடும் பாரத்தில் ஒரு பங்கு பின்சக்கரத்துக்குப் போய் அதன் பிடிப்பையும் கூட்டும்.

மாதிரியில் கைகளை ஏற்றி இறக்க வார்ம் கியரும் 24 பல் கியரும் போதும். வார்ம் 24 சுற்றுச் சுற்றினால்தான் அந்தக் கியர் ஒரு சுற்றுச் சுற்றும். கியர் வார்மைத் திருப்பிச் சுற்ற முடியாது; அதனால் மோட்டாரை நிறுத்தினாலும் கலப்பை இறங்காமல் அந்தரத்திலேயே நிற்கும். ஐந்து கொத்துக் கலப்பை ஒன்றைச் செய்து மாட்டி ஜமக்காளத்தில் இழுத்துப் பாருங்கள். டாப் லிங்க்கைக் கழற்றிவிட்டும் ஒருமுறை பாருங்கள். வித்தியாசம் கண்ணெதிரே தெரியும்.

எந்த மோட்டார் வாங்குவது? பவர் பங்க்‌ஷன்ஸ் என்ற பழைய வரிசையை லெகோ இப்போது தயாரிப்பதில்லை. பழைய சரக்காகத்தான் கிடைக்கும். இப்போதுள்ளது பவர்டு அப், கைப்பேசிச் செயலியில் ஓட்டலாம். அதன் டெக்னிக் ஹப்பில் 6 டபுள் ஏ பேட்டரி, 4 மோட்டார் வரை இணைக்க வழி. ரீசார்ஜ் பேட்டரி போட்டால் ஒவ்வொன்றும் 1.2 வோல்ட் என்பதால் 9 வோல்ட்டுக்குப் பதில் 7.2தான் கிடைக்கும், வண்டி கொஞ்சம் மெதுவாகப் போகும், டிராக்டருக்கு அது குறையில்லை. மோட்டார் சுற்ற முடியாமல் நின்று முனகினால் உடனே அணைத்துவிடுங்கள்.

முதல் வண்டிக்கு ஒரே ஒரு எல் மோட்டார் போதும். ஸ்டீயரிங்கைக் கையால் திருப்பும்படி வைத்து, கலப்பையையும் ஒரு திருகியால் ஏற்றி இறக்குங்கள். மிச்சமாகும் பணத்தில் நல்ல பின் டயர் ஒரு ஜோடியும் 40 பல் கியர் இரண்டும் வாங்குங்கள். ஸ்டீயரிங் மோட்டாரை அடுத்த வண்டிக்கு வைத்துக்கொள்ளலாம்.