பழைய பி.எச்.சி. நஞ்சைச் சிதைக்கும் சேற்று நுண்ணுயிர்கள்

பி.எச்.சி. 10 சதத் தூளைப் பழைய விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். நெற்கதிர் பால் பிடிக்கும்போது கதிர்நாவாய்ப் பூச்சிக்கு அதைத்தான் தூவினோம். 1997 ஏப்ரலில் அது தடை செய்யப்பட்டது. ஆயினும் காட்டாங்குளத்தூர் வட்டாரத்தில் அந்நாளில் மூட்டைகள் அடுக்கிய கொட்டகைத் தரையிலும், பலமுறை தூவிய வயலிலும் அதன் எச்சம் இன்னும் இருக்கக்கூடும்.

இந்த நஞ்சின் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஆறு குளோரின் அணுக்கள் உள்ளன. எளிதில் சிதையாது, நீரில் அதிகம் கரையாது, கொழுப்பில் தங்கும். எச்சமுள்ள மண்ணையும் தீவனத்தையும் தின்னும் மாட்டின் பால் கொழுப்பில் வந்து சேரும். அந்தப் பாலைத்தான் நம் பிள்ளைகள் குடிக்கிறார்கள்.

இதைச் சிதைக்கும் வழி நெல் வயலிலேயே இருக்கிறது. பிலிப்பைன்ஸ் நாட்டு சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ரகு, மெக்ரே ஆகியோர் இதை ஆராய்ந்து 1966-ல் வெளியிட்டனர். நீர் தேங்கிய மண்ணில் காமா வகை பி.எச்.சி. ஓரிரு மாதங்களில் பெரும்பாலும் மறைந்தது. நுண்ணுயிர்களை அழித்த மண்ணில் அது நிலைத்து நின்றது. இரண்டாம் முறை இட்டபோது இன்னும் விரைவாக மறைந்தது. முதல் முறையிலேயே பாக்டீரியாக்கள் பெருகிப் பழகிவிட்டன என்று பொருள். காற்றில்லாத சேற்றில் வாழும் இவை குளோரினைக் கழற்றிவிடுகின்றன. புன்செய் நிலத்தில் இந்த வேலை மெதுவாகவே நடக்கும்.

இந்தப் பாக்டீரியாக்களுக்குத் தீனி மக்குப்பொருள். ஆகவே சம்பாவுக்கு முன் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுது, நீர் கட்டி வையுங்கள். எருக்கு, வேப்பந்தழை கிடைத்தாலும் சேற்றில் மிதித்து விடலாம். அந்தச் சேற்று நீரை உடனே ஏரிக்கு வடித்துவிடக் கூடாது.

எல்லா நஞ்சும் இப்படிப் போய்விடாது. பி.எச்.சி.யிலேயே பீட்டா வகை பிடிவாதமானது, டி.டி.டி. சேற்றில் டி.டி.டி. போன்ற இன்னொரு குளோரின் பொருளாக மாறித் தங்கும். பீட்டாவையும் தாக்கவல்ல பாக்டீரியா ஒன்றைக் கட்டாக் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தார் கரும்பு வேர்மண்ணிலிருந்து பிரித்து 1990-ல் வெளியிட்டனர். டெல்லிப் பல்கலைக்கழகத்தார் பின்னர் அதை விரிவாக ஆராய்ந்தனர். அதன் பெயரைச் சொல்லி யாராவது பொட்டலம் விற்க வந்தால் வாங்க வேண்டாம். வயலுக்குத் தழையே போதும்.

மூட்டை அடுக்கிய இடம் வேறு விஷயம். அங்கே நஞ்சு மிகச் செறிவாக இருக்கும். தழையும் தண்ணீரும் போதா. அங்கே மாடு கட்டவோ, கீரை, பூசணி போடவோ வேண்டாம். அந்த மண்ணை வெட்டி வயலில் பரப்பவும் கூடாது. கொட்டகையில் பழைய தூள் இருந்தால் எரிக்காமலும் கிணற்றருகே புதைக்காமலும், கிழியாத பையில் கட்டிப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வைத்து, வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். மண் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது பூச்சிமருந்து எச்சம் பார்க்க வேண்டும் என்று தனியாகக் கேளுங்கள். வழக்கமான உரச்சத்துப் பரிசோதனையில் இது தெரியாது.