பொய்ச் சட்டம் சொல்லும் மெய்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கிளீவ்லாந்து நகரை ஒட்டி ஷேக்கர் ஹைட்ஸ் என்றொரு புறநகர் இருக்கிறது. அங்கே 1920களில் எழுந்த வீடுகள் பல, பார்வைக்கு நானூறு ஆண்டுப் பழையவை. செங்குத்தாகச் சரிந்து இறங்கும் கூரை, தெருவைப் பார்த்து நிமிர்ந்த முக்கோண முகடு, தடித்த புகைபோக்கி, ஈயப் பட்டியில் சின்னஞ்சிறு கண்ணாடித் துண்டுகளைக் கோத்த ஒடுங்கிய சன்னல்கள், வெள்ளைக் காரைச் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கருத்த மரச்சட்டங்கள். இங்கிலாந்தை 1485 முதல் 1603 வரை ஆண்ட டியூடர் வம்சத்தின் காலத்து வீடுகளை நினைவூட்டும்படி கட்டியதால் இவற்றுக்கு டியூடர் ரிவைவல் என்று பெயர். வழக்கொழிந்த பாணியை மீட்டெடுத்துக் கட்டும் இவ்வகையைத் தமிழில் மீள்பாணி எனலாம். இப்படிப்பட்ட வீட்டை இடிக்க விண்ணப்பம் வரும்போதும், பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கலாமா என்ற பேச்சு எழும்போதும் ஒரே கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது: வேறொரு நாட்டின், வேறொரு காலத்தின் வீட்டைப் பார்த்துச் செய்த நகலுக்கு என்ன மதிப்பு? இந்தக் கேள்வி தொடங்கும் இடமே தவறு என்பது என் வாதம். மீள்பாணி வீடு எதைப் போல இருக்கிறது என்று அளந்துகொண்டிருந்தால் அதன் மதிப்பு பிடிபடாது. அது ஏன் அப்படித் தோற்றமளிக்க விரும்பியது, அந்தத் தோற்றத்துக்குப் பின்னால் எதையெல்லாம் வைத்திருந்தது என்று கேட்டால்தான் பிடிபடும்.

நகல் என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது; அதை மறைக்கத் தேவையில்லை. டியூடர் காலத்து இங்கிலாந்தில் சுவரில் தெரியும் மரச்சட்டம்தான் வீட்டைத் தாங்கியது. சட்டங்களுக்கு இடையில் குச்சிப் படலைச் செருகி, அதன்மேல் களிமண் பூசி இடைவெளியை அடைத்தார்கள். சட்டத்தை உருவினால் வீடு விழும். 1920களின் அமெரிக்க வீட்டில் கதை தலைகீழ். வீட்டைத் தாங்குவது, ஆலையில் அறுத்து ஆணியடித்து நிறுத்திய மெல்லிய மரத்தூண்களின் கூடு. அது வெளியே தெரியாது. அதன்மேல் ஒற்றை வரிசைச் செங்கல்லைப் போர்வைபோலச் சார்த்திக் கட்டினார்கள்; மேல்மாடியில் காரை பூசி, அதன்மீது பலகைகளைப் பதித்தார்கள். கண்ணுக்குத் தெரியும் சட்டம் எதையும் தாங்கவில்லை. ஆஸ்பர்ட் லான்காஸ்டர் என்ற ஆங்கிலேயக் கேலிச்சித்திரக்காரர் தம் நாட்டில் எழுந்த இதேபோன்ற வீடுகளுக்கு 1938இல் ‘பங்குத்தரகர் டியூடர்’ என்று பெயர் சூட்டினார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நவீனக் கட்டடக்கலையாளர்களின் பார்வையிலோ இது கலைக்குற்றம்: கட்டடம் தன் எலும்பைத் தானே ஒளிக்கக் கூடாது என்பது அவர்கள் அறம்.

ஆனால், இந்த அறத்தை மட்டும் வைத்து அளந்தால் நம் கையில் இருக்கும் சான்றைத் தூக்கி எறிந்தவர்கள் ஆவோம். செங்கல் போர்வையை மலிவாகவும் உறுதியாகவும் சார்த்தும் உத்தி 1920களில்தான் பரவலானது. அதற்கு முன் செங்கல்லும் கல்லும் இழைத்த டியூடர் தோற்றம் பெரும்பாலும் பெருஞ்செல்வர்களின் மாளிகைக்கே வாய்த்தது. அந்த உத்தி வந்த பிறகு மேலாளரும் மருத்துவரும் கடைக்காரரும் அதே தோற்றத்தைச் சின்ன மனையில் பெற முடிந்தது. ஆகவே அந்தப் பொய்ச் சட்டம், ஒரு நடுத்தர வர்க்கம் எப்போது, எந்தத் தொழில்நுட்பத்தின் தோளேறி மேலே வந்தது என்பதற்கு மெய்ச் சாட்சி. முகப்பைத் தாண்டி உள்ளே போனால் சாட்சி இன்னும் வலுக்கும். குளியலறைகள், டியூடர் அரசர்கள் கனவிலும் காணாத மின்விளக்கு, அடித்தளத்தில் வெப்ப உலை, பின்புறம் கார் கொட்டகை. வெளியே பதினாறாம் நூற்றாண்டு, உள்ளே இருபதாம் நூற்றாண்டு. வாழ்க்கை வேகமாக மாறிக்கொண்டிருந்த மக்கள், மாறாத ஒன்றின் முகத்தை வாசலில் வைத்துக்கொள்ள விரும்பினார்கள். தெற்கு, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வருவோரை 1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் கடுமையாகக் கட்டுப்படுத்தியதும், ஆங்கிலேய மூதாதையரைப் பறைசாற்றும் வீட்டுப் பாணிகள் புறநகர்களை நிறைத்ததும் ஒரே பத்தாண்டில் நடந்தவை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் அந்த வீட்டின் வரலாற்று மதிப்பை யாரும் எழுதிவிட முடியாது.

அளவுகோல் என்ன சொல்கிறது?

நியூயார்க்கின் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963இல் இடிக்கத் தொடங்கியபோது எழுந்த அதிர்ச்சி, அமெரிக்கா 1966இல் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியதற்கு ஒரு முக்கியத் தூண்டுதல். அந்தச் சட்டத்தின்படி அமைந்த தேசியப் பதிவேட்டில் சேர நான்கு வாசல்கள் உண்டு: வரலாற்றின் பெரும்போக்கோடு தொடர்பு, முக்கிய மனிதரோடு தொடர்பு, வடிவமைப்பிலும் கட்டுமானத்திலும் தனிச்சிறப்பு, ஆய்வுக்குத் தகவல் தரும் ஆற்றல். பொதுவாக 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். அதோடு, சிதையாமை என்ற இன்னொரு சோதனையும் உண்டு. இருப்பிடம், வடிவமைப்பு, சுற்றுச்சூழல், பொருட்கள், கைவினை, உணர்வு, தொடர்பு என அதற்கு ஏழு கூறுகள். இந்த அளவுகோலில் எந்த இடத்திலும் ‘மூலத்துக்கு உண்மையாக இருக்கிறதா’ என்ற கேள்வி இல்லை. 1926இல் கட்டிய வீடு 1926க்கு உண்மையாக இருக்கிறதா என்பதே சோதனை. இங்கே மதிப்பிடுவோர் பலர் தவறவிடும் நுட்பம் ஒன்று இருக்கிறது. அசல் டியூடர் வீட்டில் பொருள் எலும்பில் இருக்கிறது. பூச்சு உதிர்ந்தாலும் சட்டம் நின்றால் வீடு பேசும். மீள்பாணி வீட்டிலோ பொருள் தோலில் இருக்கிறது. ‘வெறும் ஒட்டுப்பலகைதானே, பெயர்த்துவிட்டு பிளாஸ்டிக் தகடு போடலாம், ஈயச் சன்னலை எடுத்துவிட்டு வினைல் சன்னல் வைக்கலாம்’ என்று சொல்வது இதனால்தான் பிழை. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். இந்த வீடுகளில் சித்திரம் போனால் சுவருக்கும் சொல்ல ஒன்றுமில்லாமல் போகிறது.

தோலைப் படிப்பதோடு மதிப்பீடு முடியாது; காகிதத்தையும் படிக்க வேண்டும். கட்டட அனுமதிச் சீட்டு, கட்டிய ஆண்டையும் செலவையும் சொல்லும். தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்காகத் தயாரான சான்போர்ன் வரைபடங்களில் மரவீட்டுக்கு மஞ்சள், செங்கல் வீட்டுக்கு இளஞ்சிவப்பு. செங்கல் போர்த்திய மரவீடு, இளஞ்சிவப்பு விளிம்பிட்ட மஞ்சளாக இருக்கும். தெருவில் போகிறவர் கண்ணை ஏமாற்றிய முகப்பு காப்பீட்டுக்காரரை ஏமாற்றவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுவாரித் தாள்கள் 72 ஆண்டு கழித்துத் திறக்கப்படுகின்றன. 1950ஆம் ஆண்டுத் தாள்கள் 2022 ஏப்ரலில் வெளிவந்தன. குடும்பத் தலைவரின் தொழில், பெற்றோர் பிறந்த நாடு, கூடவே தங்கியிருந்த வேலைக்காரப் பெண்ணின் பெயர், வயது எல்லாம் 1930ஆம் ஆண்டுத் தாளில் கிடைக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து ஏறும் குறுகலான பின்படியையும், கூரைக்கடியில் இருக்கும் சிற்றறையையும் பார்த்தால் அவை வெறும் மூலைகளாகத் தெரியாது. முகப்பின் அழகை யாருடைய உழைப்பு துடைத்துப் பளபளக்க வைத்தது என்பதற்கு அந்த வீட்டில் மிஞ்சியிருக்கும் ஒரே தடம் அதுவாக இருக்கலாம்.

மூலப்பத்திரம் காட்டும் முகம்

எல்லாக் காகிதங்களிலும் கனமானது மூலப்பத்திரம். ஷேக்கர் ஹைட்ஸ் நிலம் முதலில் ஷேக்கர்கள் என்ற கிறிஸ்தவச் சமயக் குழுவினருடையது. சொத்தைப் பொதுவாக வைத்து, ஆடம்பரத்தை விலக்கி வாழ்ந்த அவர்களுடைய குடியிருப்பு 1822இல் தொடங்கி 1889இல் கலைந்தது. பின்னர் ஆரிஸ், மான்டிஸ் வான் ஸ்வெரிஞ்சன் என்ற சகோதரர்கள் அதை வாங்கி, மனைகளாகப் பிரித்து, நகர மையத்துக்கு 1920இல் மின்ரயிலையும் ஓட்டினார்கள். வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதையும் அவர்களுடைய நிறுவனமே வகுத்தது. ஆங்கிலேய, பிரெஞ்சு, அமெரிக்கக் காலனிய பாணிகளுக்கே இடம். பத்திரத்தில் ஏறிய நிபந்தனைகள் கட்டடத்தோடு நிற்கவில்லை. 1920களின் நடுவிலிருந்து, நிறுவனமோ அக்கம்பக்கத்து உரிமையாளர்களோ சம்மதிக்காமல் மனையை மறுவிற்பனை செய்யக் கூடாது என்று எழுதினார்கள். கறுப்பினத்தவரையும் யூதர்களையும் கத்தோலிக்கர்களையும் வெளியே நிறுத்த அந்த வரி பயன்பட்டது. இனத்தடை நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1948இல் ஷெல்லி வழக்கில் தீர்ப்பளித்தது. வீட்டு விற்பனையில் இனப் பாகுபாட்டைச் சட்டவிரோதமாக்க 1968 வரை ஆனது.

இங்கேதான் ஆழமான மறுப்பு எழுகிறது. ஒதுக்கலின் மேல் எழுந்த வீட்டைப் போற்றிப் பாதுகாப்பது, அந்த ஒதுக்கலையே போற்றுவதாகாதா? இக்கேள்வியைக் கேட்பவர்களின் கோபம் நியாயமானது. பாரம்பரியம் என்ற சொல்லைப் பாராட்டுப் பத்திரமாக மட்டும் பயன்படுத்தி வந்தவர்கள்தான் அந்தக் கோபத்துக்குக் காரணம். ‘மாண்புமிக்க குடும்பங்கள் வாழ்ந்த அழகிய வீடு’ என்று எழுதிவிட்டுப் பத்திரத்தின் நிபந்தனையை விட்டுவிடும் அறிக்கை, வரலாற்றுக்கு எழுதிய விளம்பரம். அதற்கு மருந்து வீட்டை இடிப்பதில் இல்லை, அறிக்கையை முழுதாக எழுதுவதில் இருக்கிறது. வீடு போய்விட்டால் அநீதியின் முகவரியும் போய்விடும். அநீதியை எதிர்த்தவர்களின் முகவரியும் அதே தெருக்களில்தான் இருக்கிறது. ஷேக்கர் ஹைட்ஸும் கிளீவ்லாந்தும் பங்குபோடும் லட்லோ பகுதியில், கறுப்பின வழக்கறிஞர் ஒருவர் கட்டிக்கொண்டிருந்த வீட்டில் 1956 ஜனவரியில் குண்டு வெடித்தது. வெள்ளையரும் கறுப்பினத்தவருமாக அக்கம்பக்கத்தார் கூடிப் பேசத் தொடங்கினார்கள். 1957இல் லட்லோ சமூகச் சங்கம் பிறந்தது. வெள்ளையர் வீட்டை விற்றுவிட்டு ஓடாமலும், கறுப்பினக் குடும்பங்கள் தடையின்றி வீடு வாங்கும்படியும் செய்ய உழைத்த அந்த முயற்சி அமெரிக்க வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. ஆகவே அங்கே நிற்கும் மீள்பாணி வீட்டை 1926இல் மட்டும் நிறுத்தி மதிப்பிடுவதும் குறைப் பார்வையே. ஒதுக்குவதற்காக அடைத்த வாசலில் பின்னாளில் யார் நுழைந்தார்கள் என்பதும் அதன் வரலாறு.

அடுத்த மறுப்பு எளிமையானது: இப்படி ஆயிரக்கணக்கான வீடுகள் இருக்கின்றன, பத்தோடு பதினொன்றாக நிற்பதற்கு என்ன தனிச்சிறப்பு? பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் வரைந்தது என்றோ, புகழ்பெற்றவர் ஒருவர் வாழ்ந்தது என்றோ சொல்லி இதற்குப் பதிலளிக்கும் பழக்கம் இருக்கிறது. பெரும்பாலும் அது வலிந்து தேடிய பதிலாகவே முடியும். பிரபலம் ஒருவர் சில மாதம் தங்கியதால் வீட்டுக்கு மதிப்பு வந்துவிடாது. அவர் புகழுக்குக் காரணமான பணி நடந்த காலத்தோடு வீட்டுக்குத் தொடர்பு வேண்டும். நேர்மையான பதில் பதிவேட்டின் விதியிலேயே இருக்கிறது. தனித்தனியே சிறப்பில்லாதவை சேர்ந்து நிற்கும்போது ஒரு முழுமை உருவானால் அந்த முழுமையை ஒரே வரலாற்று வட்டாரமாகப் பட்டியலில் ஏற்றலாம். புறநகர் வீட்டின் இயல்பான அலகே தெருதான். எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு முன்வெளி, வளைந்து செல்லும் சாலை, வரிசை மரங்கள், கொஞ்ச தூரத்தில் ரயில் நிறுத்தம் என எல்லாம் ஒரே கையால் போட்ட திட்டம். வரிசையில் நடுவே ஒன்றை உருவினால் போவது ஒரு வீடு மட்டுமல்ல. அதே காரணத்தால், தெரு முழுக்க உருமாறிவிட்ட பின் தனியே மிஞ்சிய சாதாரண வீட்டுக்குப் பட்டியலில் இடம் கேட்பதும் பல சமயம் பொருந்தாது. இல்லை என்று சொல்லத் தெரியாத மதிப்பீட்டாளரின் ஆம் என்ற சொல்லுக்கும் மதிப்பிருக்காது.

உரிமையாளரின் மறுப்பும் கேட்கத் தக்கதே: என் பணத்தில் வாங்கிய வீட்டில் ஊராருக்கு என்ன பேச்சு? இதில் பாதி அச்சம் தவறான புரிதலால் வருவது. தேசியப் பதிவேட்டில் சேர்வது, சொந்தப் பணத்தில் மாற்றம் செய்யும் தனியாரை எந்த விதத்திலும் தடுக்காது. உரிமையாளர் எதிர்த்தால் அவர் வீட்டைத் தனியாகப் பட்டியலில் ஏற்றவும் முடியாது. தடுக்கும் ஆற்றல் உள்ளூர் விதிகளுக்கு உண்டு. சார்ல்ஸ்டன் நகரம் 1931இலேயே அப்படியொரு விதியை இயற்றியது. கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலைய வழக்கில் இத்தகைய விதிகள் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1978இல் உறுதிசெய்தது. இன்னொரு மறுப்பு, வீட்டுப் பற்றாக்குறை பற்றிய கவலை. பழைய வீடுகளுக்கு வேலிகட்டினால் புதியவர்கள் எங்கே குடியிருப்பார்கள் என்ற கேள்வியை அலட்சியம் செய்யும் பாதுகாப்பு இயக்கம், பழைய மூலப்பத்திரத்தின் நிபந்தனையை வேறு வார்த்தையில் திரும்ப எழுதுவதாகிவிடும்.

இதற்கான விடையையும் ஷேக்கர் ஹைட்ஸ் தெருக்களே வைத்திருக்கின்றன. எல்லாமே தனி வீடாகத் தெரிய வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. ஆனால் தனி வீடு வாங்க வசதியில்லாதவர்களுக்கும் இடம் தேவைப்பட்டது. அதனால் சில தெருக்களில் இரட்டை வீடுகளைக் கட்டினார்கள். ஒரே முகடு, ஒரே முகப்பு, தெருவுக்கு ஒரே தலைவாசல். உள்ளே இரண்டு குடும்பம். தெருவில் நின்று எண்ணினால் ஒன்று, உள்ளே போய் எண்ணினால் இரண்டு. தகுதியின் தோற்றம் குலையாமலிருக்க அன்று செய்த ஏற்பாடு, இன்று நமக்கு வேறொன்றைக் கற்றுத் தருகிறது. ஒரு குடும்பத்துக்கு மிகப் பெரிதான பல வீடுகளைத் தோல் கெடாமல் உள்ளே பிரித்து இன்னும் பலருக்குத் தரலாம். நூறாண்டுக்கு முன்பே அது அங்கே நடந்திருக்கிறது. மீள்பாணி வீட்டின் மதிப்பை எழுத உட்காருகிறவர் கருத்த மரச்சட்டத்தையும் கூரைச் சரிவையும் விவரிக்கட்டும். அவை விவரிக்கத் தக்க அழகு உடையவை. அதோடு அந்த ஒற்றைத் தலைவாசலைத் திறந்து உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள், எவருக்கு அது திறக்கவில்லை, எப்போது திறந்தது என்பதையும் எழுதட்டும். அதையும் எழுதி முடிக்கும்போதுதான் மதிப்பீடு நிறைவுபெறும்.