யானையைப் பார்க்க எழாத மாணவரின் ஊர்

மதீனா மாநகரில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள், ஊருக்குள் யானை வந்திருப்பதாக வெளியே ஆரவாரம் எழுந்தது. அரபு நாட்டில் யானை அரிய காட்சியல்லவா! மாணவர்கள் அனைவரும் எழுந்து ஓடினர். ஒருவர் மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அவருடைய நாட்டிலும் யானை கிடையாதே, அவர் ஏன் போகவில்லை என்று இமாமவர்கள் வினவினார்கள். தாம் ஊரைத் துறந்து வந்தது இமாமைக் கண்டு அவர்தம் கல்வியையும் ஒழுக்கத்தையும் பெறுவதற்கே அன்றி, யானையைப் பார்ப்பதற்கன்று என அம்மாணவர் பணிவுடன் விடையிறுத்தார். அன்றுமுதல் அவரை அந்தலூஸ் நாட்டின் அறிவாளி என்றே இமாமவர்கள் அழைக்கலானார்கள்.

அவர்தாம் யஹ்யா இப்னு யஹ்யா அல்லைஸீ (ரஹ்). 'முவத்தா' நூல் இன்று பெரும்பாலும் அவர் அறிவித்த வடிவிலேயே ஓதப்படுகிறது. ஹிஜ்ரி 234-ல் அவர் மறைந்த ஊர், ஸ்பெயின் நாட்டின் குர்துபா. இன்று அதனைக் கொர்தோபா என்கின்றனர். யானையைப் பார்க்க எழாத அம்மாணவரின் ஊரை, யானையைப் பார்க்க ஓடும் கூட்டத்தோடு கூட்டமாகத்தான் நான் போய்ப் பார்த்தேன் என்பதை வாசக நேயர்களிடம் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சனி, ஞாயிறு என்று இரண்டே நாள்கள். மத்ரீதில் பணிபுரியும் என் தங்கையின் மகன் அழைத்துச் சென்றார்.

மத்ரீதிலிருந்து விரைவு இரயிலில் ஏறினால் இரண்டு மணி நேரத்திற்குள் குர்துபா வந்துவிடுகிறது. கோடையில் அங்கு வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டிக் கொளுத்தும். எனவே பங்குனி, சித்திரை மாதங்களில் செல்வது நலம். மே மாதத்தில் வீட்டு முற்றங்களைப் பூந்தொட்டிகளால் அலங்கரித்து, அந்நியருக்கும் கதவைத் திறந்துவிடும் திருவிழா நடக்கிறது. அக்காலத்தில் விடுதிகளில் இடம் கிடைப்பது கடினம். பிரயாணியாகிய நமக்குத் தொழுகையைச் சுருக்கவும் சேர்க்கவும் மார்க்கம் சலுகை வழங்கியிருக்கிறது. ஆதலால் ஊர் சுற்றுவதை முன்னிட்டுத் தொழுகையைத் தவறவிட எவருக்கும் காரணம் இல்லை.

பெரிய பள்ளிவாசலைச் சனிக்கிழமை காலையிலேயே பார்த்துவிட வேண்டும். ஞாயிறு காலையில் அங்கே கிறிஸ்தவ வழிபாடு நடைபெறுவதால் பார்வையாளருக்குரிய நேரம் சுருங்கிவிடும். முதலில் நாம் நுழைவது நாரஞ்சு மரங்கள் வரிசையாக நிற்கும் முற்றம். ஒரு காலத்தில் ஒளுச் செய்த இடம் அது. பழங்கள் பார்வைக்கு அழகியவை. வாயில் வைத்தால் கசப்பு.

உள்ளே காலடி வைத்ததும் கண் இருண்டு, பிறகு மெல்லத் தெளிகிறது. திசையெங்கும் தூண்கள். இன்று எஞ்சியிருப்பவை 856 என்பது கணக்கு. உரோமர், விசிகோத்தியர் காலத்துக் கட்டடங்களிலிருந்து எடுத்த தூண்கள் பலவாதலால் ஒன்றின் உயரம் மற்றொன்றுக்கு இல்லை. நிறமும் ஒன்றாக இல்லை. அந்தக் குறையை மறைத்துக் கூரையை உயர்த்தத்தான் வளைவின்மேல் வளைவாக, சிவப்புச் செங்கல்லும் வெண்கல்லும் மாறிமாறி வைத்துக் கட்டினார்கள். கையில் இருந்ததைக் கொண்டு கட்டிய கட்டடம்! அதனைக் காணவே உலகம் இன்று பயணச்சீட்டு வாங்கி வரிசையில் நிற்கிறது.

அடிக்கல் நாட்டியவர் முதலாம் அப்துர் ரஹ்மான். அப்பாஸியர் கையில் தம் குடும்பம் அழிந்தபோது சிரியாவிலிருந்து தப்பி, ஆப்பிரிக்கக் கரையெல்லாம் அலைந்து, 756-ல் குர்துபாவைக் கைக்கொண்ட உமையா இளவரசர். 785-ஐ ஒட்டி அவர் தொடங்கிய பணியை இரண்டாம் அப்துர் ரஹ்மானும், இரண்டாம் ஹகமும், கடைசியாக மன்சூரும் விரிவாக்கினர். தொடக்கத்தில் அவ்விடத்திலிருந்த கிறிஸ்தவர்களின் பங்கை விலை கொடுத்தே வாங்கியதாக நம் வரலாற்றாசிரியர்கள் எழுதிவைத்துள்ளனர்.

மிஹ்ராபின் முன் நின்றால் பேச்சு எழாது. நீலத்தின்மேல் பொன்னெழுத்தாகக் கூஃபி லிபியில் இறைமறை வசனங்கள். அந்தக் கண்ணாடிச் சில்லுகளையும் அவற்றைப் பதிக்கத் தெரிந்த கைவினைஞரையும் பைசாந்தியப் பேரரசர் அனுப்பிவைத்தார் என்பது வரலாறு. ஆனால் ஓதும்பள்ளியில் கிப்லாக் கணக்குப் படித்தவனுக்கு அங்கே வேறொன்றும் கண்ணில் உறுத்தும். மக்கா குர்துபாவுக்கு ஏறத்தாழக் கிழக்கில், சற்றே தெற்காக இருக்கிறது. மிஹ்ராபோ வெகுவாகத் தெற்கு நோக்கி நிற்கிறது. ஹகம் மன்னர் விரிவாக்கும்போது இதனைத் திருத்த எண்ணினாராம். முன்னோர்களும் உலமாக்களும் தலைமுறை தலைமுறையாக நின்று தொழுத திசையை மாற்றலாகாது என்று மக்கள் தயங்கவே, அப்படியே விட்டுவிட்டார். என் போன்றோர் இதுபற்றி ஒரு மணி நேரம் வாதிட முடியும். மருமகனின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

தொழ முடியாத பள்ளியில் என்ன செய்வது?

1236-ல் மூன்றாம் பெர்னாந்து மன்னன் நகரைக் கைப்பற்றியதும் பள்ளிவாசல் தேவாலயமாயிற்று. இன்றும் அது ஆயரின் பேராலயம். முஸ்லிம்கள் தொழுவதற்கு அனுமதி இல்லை. மகாகவி இக்பால் 1933-ல் அங்கே தொழுதார். குர்துபாப் பள்ளியைப் பற்றி அவர் பாடிய உருதுக் கவிதை உலகறிந்தது. ஆனால் 2010-ல் ஆஸ்திரியாவிலிருந்து வந்த முஸ்லிம் இளைஞர் சிலர் தொழ முற்பட்டபோது காவலருடன் மோதல் ஏற்பட்டு, இருவர் கைதாயினர்.

"மாமா, ஓரமாக நின்று இரண்டு ரக்அத் தொழுதுவிடட்டுமா?" என்று மருமகன் என் காதருகே கேட்டார்.

எளிய கேள்வி போலத் தோன்றும். நம் ஷாஃபியீ மத்ஹபின்படி, ஒருமுறை பள்ளிவாசலாக வக்ஃபு செய்யப்பட்ட நிலம் இடிந்தாலும், தொழுவோர் அற்றுப்போனாலும் பள்ளிவாசல்தான். அப்படியானால் நுழைந்தவர்மீது காணிக்கைத் தொழுகை சுன்னத்தாகிறது. மறுபுறம், இந்த நிபந்தனைகளை அறிந்தே நாம் சீட்டு வாங்கி நுழைந்திருக்கிறோம். வாக்கை மீறிக் காவலருடன் தள்ளுமுள்ளு செய்து நிறைவேற்ற வேண்டிய பர்ளு அல்ல அது. பைத்துல் முகத்தஸில் கிறிஸ்தவர்களின் திருக்கல்லறை ஆலயத்தினுள் தொழுமாறு பாதிரியாரே வேண்டியும், பிற்கால முஸ்லிம்கள் அதையே சாக்காக்கி ஆலயத்தை எடுத்துக்கொள்ளலாகாது என்று உமர் (ரலி) அவர்கள் வெளியே வந்து தொழுதார்கள் என்ற செய்தியும் என் நினைவுக்கு வந்தது.

"வேண்டாம், தம்பி" என்றேன். முகம் வாடிவிட்டது. அப்போதுதான் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் 'அத்கார்' நூலில் எடுத்துச் சொல்லும் ஒரு வழியைக் கூறினேன். பள்ளிக்குள் நுழைந்தவர் ஏதேனும் காரணத்தால் காணிக்கைத் தொழுகையை நிறைவேற்ற இயலாதபோது, 'ஸுப்ஹானல்லாஹி வல்ஹம்து லில்லாஹி வலா இலாஹ இல்லல்லாஹு வல்லாஹு அக்பர்' என்று நான்குமுறை ஓதிக்கொள்வது நன்று என்பர். மிஹ்ராபைப் பார்த்தபடி, கை உயர்த்தாமல், உதடு மட்டும் அசைய நான்குமுறை ஓதினோம். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஓதும்பள்ளியில் இருபது வயதில் அந்த வரியை வாசித்தபோது, பள்ளிவாசலுக்குள் போய்த் தொழ முடியாத நிலை யாருக்கு வரப்போகிறது என்று நான் நினைத்ததுண்டு.

கட்டடத்தின் நடுவே, தூண் வரிசைகளை உடைத்து, 1523 முதல் எழுப்பிய பெருங்கோவில் நிற்கிறது. இதை எதிர்த்தவர்கள் குர்துபாவின் கிறிஸ்தவ நகரசபையார். இடிப்பு வேலைக்குப் போகிறவருக்கு மரண தண்டனை என்றுகூட அவர்கள் மிரட்டினர். ஐந்தாம் சார்லஸ் மன்னர் ஆயருக்குச் சாதகமாக இசைவளித்தார். பின்னர் நேரில் வந்து பார்த்து வருந்தினார் என்று சொல்வார்கள்.

நம்மவர் கணக்கையும் மறைக்கக் கூடாது. 997-ல் மன்சூர், சந்தியாகோ நகரைச் சூறையாடி, அவ்வூர்க் கோவில் மணிகளைக் கிறிஸ்தவக் கைதிகளின் தோளில் ஏற்றிக் குர்துபாவுக்குக் கொண்டுவந்து பள்ளியில் விளக்காகத் தொங்கவிட்டார். 1236-ல் அதே மணிகள் முஸ்லிம் கைதிகளின் தோளில் ஏறித் திரும்பிப் போயின.

மூன்றாம் அப்துர் ரஹ்மான் எழுப்பிய மினாரா இன்று மணிக்கூண்டின் வயிற்றுக்குள் அடங்கியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, மன்சூர் விரிவாக்கிய பகுதியில் தீப்பற்றியது. தீயணைப்பாளர்கள் விரைந்து அணைத்ததால் சிற்றாலயம் ஒன்றின் கூரையோடு பெருஞ்சேதம் நின்றது. செய்தி கேட்டு நெஞ்சு பதறாதவர் யார்?

பிற்பகலில் பழைய சந்துகளில் கால் போன போக்கில் நடக்கலாம். யூதர் தெருவில் 1315-ல் கட்டிய சிறு தொழுகைக்கூடமும், மூஸா இப்னு மைமூனின் சிலையும் உள்ளன. நகர மதிலுக்கு வெளியே கைரவான் தெருவில், கையில் நூலுடன் இப்னு ருஷ்து கல்லாக அமர்ந்திருக்கிறார். ஐரோப்பியருக்கு அவர் தத்துவ ஞானி, ஓதும்பள்ளி மாணவருக்கோ, இமாம்கள் ஏன் கருத்து வேறுபட்டார்கள் என்பதை 'பிதாயத்துல் முஜ்தஹித்' நூலில் பிரித்துக் காட்டிய ஃபிக்ஹு அறிஞர், இவ்வூரின் காஜி. முதுமையில் அவர் நாடு கடத்தப்பட்டதும், தத்துவ நூல்கள் தீயிலிடப்பட்டதும் முஸ்லிம் ஆட்சியில்தான். சிலை வைத்தவர்கள் வேறு மக்கள்.

உணவில் எச்சரிக்கை தேவை. ஸல்மோரெஹோ என்று தக்காளியும் ரொட்டியும் ஒலிவ எண்ணெயும் சேர்த்து அரைத்த குளிர்ந்த கூழ் தருவார்கள். அதன்மேல் பன்றியிறைச்சித் துணுக்குகளைத் தூவுவது வழக்கமாதலால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கத்தரிக்காயைப் பொரித்து இனிப்புப் பாகு ஊற்றித் தருவது நன்றாயிருந்தது. பரிமாறிய பெண்மணி பேச்சுக்குப் பேச்சு 'ஒஹலா' என்றார். 'அப்படியே ஆகட்டும்' என்பது பொருள். அல்லாஹ்வின் பெயர் அச்சொல்லுக்குள் ஒளிந்திருப்பதை அவர் அறிந்திருக்கமாட்டார்.

காஜி கண்டித்த மாளிகை

ஞாயிறு காலை மதீனத்துஸ் ஸஹ்ராவுக்குப் போனோம். நகருக்கு மேற்கே சுமார் எட்டுக் கிலோமீட்டர். முதலில் அருங்காட்சியகம், அங்கிருந்து வேறொரு பேருந்து மலைச்சரிவுக்கு ஏற்றிச்செல்கிறது. 936-ஐ ஒட்டி மூன்றாம் அப்துர் ரஹ்மான் தொடங்கிய அரசநகர் இது. 1911 முதல் தோண்டியும் பத்தில் ஒரு பங்களவே இன்னும் வெளிவந்திருக்கிறது. இங்குள்ள பள்ளிவாசலின் அடித்தளம் குர்துபாப் பள்ளியைவிடச் சரியாகக் கிப்லாவை நோக்குகிறது. மருமகனிடம் இதைச் சொல்லாமல் விட என்னால் முடியவில்லை.

கட்டட வேலையில் மூழ்கிய கலீபா தொடர்ந்து மூன்று ஜும்ஆக்களுக்கு வரத் தவறினார். நான்காவது வாரம் வந்தபோது மிம்பரில் காஜி முன்திர் இப்னு ஸயீத் அல்பல்லூத்தி. உயரமான இடந்தோறும் வீணாகச் சின்னங்கள் எழுப்புவதைப் பற்றி ஆது கூட்டத்தாரிடம் ஹூது நபி (அலை) கேட்ட கேள்வி அஷ்ஷுஅரா அத்தியாயத்தில் வருகிறதல்லவா? அதனையே எடுத்து ஓதிக் குத்பாவைத் தொடங்கினார். சபை அழுதது, கலீபாவும் அழுதார். பின்னர் தம்மைக் குறிவைத்தே பேசினார் என்று மகனிடம் குறைபட்டு, இனி அவர் பின்னே தொழுவதில்லை என்று சத்தியமும் செய்தார். அப்படியாயின் காஜியை நீக்கிவிடலாமே என்றார் மகன் ஹகம். வழிதவறிய தம் உள்ளத்தைத் திருப்திப்படுத்த முன்திர் போன்ற ஒருவரை நீக்குவதா என்று மகனைக் கடிந்துகொண்டார் கலீபா. ஜும்ஆவை வேறிடத்தில் தொழுதார். காஜி பதவியில் நீடித்தார். குத்பா ஓதும் நம்மவரில் எத்தனை பேர் ஊர்த் தலைவர் முதல் ஸஃப்பில் இருக்கும்போது அந்த வசனத்தை ஓதுவோம்? என்னையும் சேர்த்தே கேட்கிறேன்.

அந்த மாளிகை நூறாண்டும் நிற்கவில்லை. 1010-ஐ ஒட்டிய உள்நாட்டுக் கலகத்தில் முஸ்லிம் படைகளே அதைச் சூறையாடின.

மாலையில் உரோமானியப் பாலத்திற்கு வந்தோம். கீழே ஓடுவது குவாதல்கிவிர். 'வாதில் கபீர்', பேராறு என்ற அரபுப் பெயரின் சிதைவு. அக்கரையில் கலாஓரா கோட்டை. என் மனமோ இவ்வூர்ப் பெயரைத் தம் பெயராகக் கொண்ட விரிவுரையாளர் இமாம் குர்துபீ (ரஹ்) அவர்களிடம் இருந்தது. எங்கள் உஸ்தாத் அவருடைய தஃப்ஸீரை விரித்து, ஆல இம்ரான் அத்தியாயத்தில், இறைவழியில் கொல்லப்பட்டோரை இறந்தோராக எண்ணலாகாது என்ற வசனத்தின் விளக்கத்தை வாசித்துக் காட்டிய நாள் இன்னும் மறக்கவில்லை. ஹிஜ்ரி 627 ரமளானில், அதாவது 1230-ல், மக்கள் களத்துமேட்டில் கதிரடித்துக்கொண்டிருந்த காலை வேளையில் எதிரிகள் திடீரெனப் பாய்ந்தனர். மாண்டவர்களில் இமாமின் தந்தையும் ஒருவர்.

போர்க்களத்தில் விழுந்த ஷஹீதைக் குளிப்பாட்டுவதில்லை. களத்துமேட்டில் விழுந்தவரை? மகன் ஓர் ஆசிரியரிடம் ஓடிக் கேட்டார். இரு படைகளுக்கிடையே விழாதவராதலால் குளிப்பாட்டித் தொழுகை நடத்து என்றார் அவர். மற்றோர் ஆசிரியர், போரில் வீழ்ந்தவருக்குரிய சட்டமே இவருக்கும் என்றார். தலைமைக் காஜியிடம் சென்றார். சுற்றிலும் சட்ட அறிஞர்கள் அமர்ந்திருக்க அவரும் குளிப்பாட்டக் கூறினார். அப்படியே செய்து அடக்கினார் மகன். பின்னாளில் லக்மீயின் 'தப்ஸிரா' முதலிய நூல்களில் இந்தப் பிரச்சினையைக் கண்டபோது, இது முன்பே தெரிந்திருந்தால் தந்தையைக் குளிப்பாட்டாமல், உடுத்திய உடையிலேயே இரத்தத்துடன் அடக்கியிருப்பேன் என்று சட்ட விளக்கத்தின் நடுவே எழுதிச் செல்கிறார். ஆறு ஆண்டுகளில் ஊரும் வீழ்ந்தது. அவர் எகிப்துக்குச் சென்று, மின்யா நகரில் 1273-ல் மறைந்தார்.

இப்னு ருஷ்துக்குச் சிலை உண்டு, இப்னு ஹஸ்முக்கும் உண்டு. குர்துபீ அவர்களின் பெயர் பொறித்த கல் எதுவும் அந்த இரண்டு நாள்களில் எங்கள் கண்ணில் படவில்லை. களத்துமேடு எந்தத் திசையில் இருந்திருக்கும் என்று மருமகன் கேட்டார். கைகாட்ட எனக்குத் தெரியவில்லை. பாலத்தின் நடுவில் ஒதுங்கி நின்று, அந்தத் தந்தைக்கும் மகனுக்கும் ஃபாத்திஹா ஓதிவிட்டு, இரயிலுக்கு நேரமாகிவிட்டதால் நிலையத்தை நோக்கி நடந்தோம்.