பார்படாஸ் பயணம்: தீவின் எந்தப் பக்கம் தங்குவது?

"ஹஜ்ரத், பிள்ளைகளுக்கு லீவு விட்டாச்சு. பார்படாஸுக்கு டிக்கெட் போட்டுட்டோம். அங்கே பள்ளிவாசல் இருக்கா, ஹலால் கிடைக்குமா?" என்று லண்டனில் வசிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் கோடை வந்தால் போன் செய்து கேட்கிறார்கள். பள்ளிவாசல் இருக்கிறது, ஹலாலும் கிடைக்கும். ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: தீவின் எந்தப் பக்கம் தங்கப் போகிறீர்கள்? பெரும்பாலோர் இதைப் படம் பார்த்தே முடிவு செய்துவிடுகிறார்கள். நாமும் அப்படித்தான் செய்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் லண்டனில் இருக்கும் மச்சான், தம் குடும்பத்தோடு நம் குடும்பத்தையும் பார்படாஸுக்கு அழைத்துப் போனார். மாமியும் உடன் வந்தார்கள். தங்குமிடம் செயிண்ட் லாரன்ஸ் கேப் என்ற பகுதியில். படத்தில் நீலக் கடலும் வெள்ளை மணலும் தெரிந்தன, கடற்கரைக்கு இரண்டு நிமிட நடை என்றும் போட்டிருந்தது. அத்தனையும் உண்மைதான். அந்தத் தெருதான் தீவின் இரவுக் கேளிக்கைகளுக்குப் பேர்போன தெரு என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை, நாமும் விசாரிக்கவில்லை. இருட்டியதும் தொடங்கிய பாட்டுச் சத்தம் பின்னிரவு வரை ஓயவில்லை. தஹஜ்ஜுத்துக்கு எழுந்த மாமி ஜன்னல் ஓரம் நின்று, "மாப்புள, இவங்க ராத்திரி பூரா கந்தூரியா நடத்துறாங்க?" என்று கேட்டார்கள். சிரித்தோம். இரண்டாம் நாள் சிரிப்பு வரவில்லை. பெண்பிள்ளைகளோடு மஃரிபுக்குப் பின் வாசலில் இறங்கவே தயக்கமாக இருந்தது. மூன்றாம் நாள் கட்டிய பணத்தில் பாதியை விட்டுவிட்டு வேறு பகுதிக்கு மாறினோம்.

பார்படாஸ் சுமார் 430 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சின்னத் தீவு. நீளம் 34 கிலோமீட்டர்தான். அதனால் எங்கே தங்கினாலும் எல்லாம் பக்கம்தானே என்று தோன்றும். சாலைகள் குறுகலானவை, காலையும் மாலையும் தலைநகர் பிரிட்ஜ்டவுனைச் சுற்றி வாகனங்கள் ஊர்ந்துதான் போகும். அதைவிட முக்கியம், இந்தச் சின்னத் தீவுக்கு ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு குணம். மேற்கே கரீபியன் கடல் குளம்போல் கிடக்கும். கிழக்கே அட்லாண்டிக் பெருங்கடல் ஆர்ப்பரிக்கும். தெற்கு இரண்டுக்கும் நடுப்பட்டது.

கிழக்கை முதலில் தள்ளிவிடலாம். பாத்ஷீபா என்ற ஊரில் பெரும் பாறைகளும் வெண்ணுரை அலைகளும் பார்க்க அழகு. அலைச்சறுக்கு வீரர்கள் உலகெங்கிலுமிருந்து அங்கே வருகிறார்கள். ஆனால் நீரோட்டம் வலுவானது, நீந்துவதற்கு ஏற்ற இடமல்ல. பிள்ளைகளை வைத்துக்கொண்டு அங்கே தங்கினால் நாள் முழுவதும் அவர்களைக் கரையில் பிடித்து நிறுத்துவதே வேலையாகிவிடும். ஒரு பகல் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

மேற்குக் கரையைப் பயண முகவர்கள் 'பிளாட்டினம் கடற்கரை' என்று விற்கிறார்கள். ஹோல்டவுன், பெய்ன்ஸ் பே, இன்னும் வடக்கே ஸ்பைட்ஸ்டவுன். கைக்குழந்தை வைத்திருப்போருக்கு இதைவிடச் சாதுவான கடல் கிடைக்காது. ஆனால் தங்கும் செலவு மிக அதிகம். பல விடுதிகளில் சாப்பாடும் மதுவும் சேர்த்தே கட்டணம் வாங்குகிறார்கள். நாம் குடிக்காத சாராயத்துக்கும், சாப்பிட முடியாத இறைச்சிக்கும் சேர்த்துப் பணம் கட்டுவானேன்? ஹோல்டவுனிலிருந்து பிரிட்ஜ்டவுனுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஜும்ஆவுக்குக் கொஞ்சம் முன்கூட்டியே கிளம்ப வேண்டும். இத்தனைக்கும் வசதியுள்ளவர்கள் அங்கே சமையலறையோடு கூடிய வீடு எடுத்துத் தங்கினால் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை மட்டும்: கடற்கரை ஓரத்தில் மேன்சினீல் என்றொரு மரம் நிற்கும். சின்னப் பச்சை ஆப்பிள் போலக் காய்க்கும், அது கடும் விஷம். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினால் சொட்டும் நீர் பட்டே தோல் கொப்பளித்துவிடும். பல மரங்களில் சிவப்புப் பட்டை பூசி வைத்திருக்கிறார்கள். அந்தச் சிவப்பைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே காட்டிவிடுங்கள்.

நாம் மாறிப் போனது தெற்குக் கரைக்கே. கேப்பிலிருந்து மேற்கே சில கிலோமீட்டர்தான் நகர்ந்தோம். வொர்திங், ராக்லி, ஹேஸ்டிங்ஸ் என்று அடுத்தடுத்து வரும் பகுதிகள் இவை. ஒரே கரை, ஆனால் இரவு வேறு. ஹேஸ்டிங்ஸ் முதல் ராக்லி வரை கடலோரமாகவே ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டருக்கு நடைபாதை போட்டிருக்கிறார்கள். மாமி அஸருக்குப் பின் அதில் மெல்ல நடந்துவிட்டு, அலை பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். எதிரே நடந்து வரும் உள்ளூர்க்காரர்கள் ஒவ்வொருவரும் "குட் ஆஃப்டர்நூன்" சொல்லாமல் கடந்து போகமாட்டார்கள். அந்த ஊரின் நல்ல பழக்கங்களில் அது ஒன்று. கடைக்குள் நுழைந்தாலும் பேருந்தில் ஏறினாலும் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும், சொல்லாதவரை மரியாதை தெரியாதவராகத்தான் பார்ப்பார்கள்.

வொர்திங்கில் பவளப் பாறைகள் அலையைத் தடுப்பதால் கரையோரம் ஆழமின்றி அமைதியாக இருக்கும். ராக்லியில் அலை கொஞ்சம் துள்ளும், வளர்ந்த பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்தது. சமையலறையுள்ள சிறு வீடுகள் இந்தப் பகுதிகளில் வாடகைக்குக் கிடைக்கின்றன, பெரிய சூப்பர்மார்க்கெட்டும் நடக்கும் தூரத்தில். பேருந்துகளும் அடிக்கடி ஓடுகின்றன. நீல நிறம் அரசுப் பேருந்து, மஞ்சள் தனியார் பேருந்து, வெள்ளை வேன்களுக்கு 'இசட் ஆர்' என்று பெயர். தூரம் எதுவானாலும் ஒரே கட்டணம், நாம் போனபோது 3.50 பார்படாஸ் டாலர். இரண்டு பார்படாஸ் டாலர் சேர்ந்தால் ஒரு அமெரிக்க டாலர். மஞ்சளிலும் வெள்ளையிலும் பாட்டு காதைப் பிளக்கும். பெரியவர்களோடு போகும்போது நீலத்துக்குக் காத்திருங்கள், சில்லறையைச் சரியாக எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

தெற்கிலும் ஒரு குறை உண்டு. 2011 முதல் அட்லாண்டிக்கிலிருந்து சர்காசம் என்ற பழுப்பு நிறக் கடற்பாசி பெருமளவில் வந்து ஒதுங்குகிறது. கிழக்கிலும் தெற்கிலும்தான் அதிகம். மாதங்கள் சரியாகச் சொல்ல முடியாது, வசந்தத்திலும் கோடையிலும் கூடுதலாக இருக்கும். அழுகினால் முட்டை அழுகிய வாடை. அப்படிப்பட்ட நாட்களில் பேருந்து ஏறி கார்லைல் பே போய்விடலாம். பிரிட்ஜ்டவுனை ஒட்டிய அந்த வளைகுடாவில் கடல் தெளிவாகவும் அமைதியாகவும் கிடக்கும். அதிகாலையில் பந்தயக் குதிரைகளைக் கொண்டுவந்து கடலில் குளிப்பாட்டுவார்கள். ஃபஜ்ர் தொழுதுவிட்டுக் கிளம்பிய நம் பிள்ளைகள், மொத்தப் பயணத்திலும் அதைத்தான் இன்றுவரை பேசுகிறார்கள்.

அந்த அதிகாலை நேரம் நம் பெண்களுக்கும் உகந்தது. வெயில் ஏறினால் கரையில் கூட்டமும் உடைக் குறைவும் கூடிவிடும். விடியற்காலையில் உள்ளூர்ப் பெரியவர்கள் கழுத்தளவு நீரில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான். உடல் முழுதும் மறைக்கும் நீச்சலுடையில் நம் வீட்டுப் பெண்கள் இறங்கியபோது யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்படாஸில் கடற்கரைகள் எல்லாம் பொதுமக்களுக்குரியவை. எந்த விடுதியும் கடலைத் தனக்கென்று வேலியிட்டு வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே விலை உயர்ந்த கரையில் தங்காமலே அந்தக் கடலில் குளித்துவிட்டு வரலாம். மேலாடையின்றிக் குளிப்பது அங்கே சட்டப்படி குற்றம். நீச்சலுடையோடு கடைத்தெருவில் நடப்பதையும் மக்கள் விரும்புவதில்லை. ராணுவப் பச்சைப் புள்ளி போட்ட துணிக்கும் தடை உண்டு. அது பிள்ளைகளுக்கும் பொருந்தும், பெட்டி கட்டும்போதே எடுத்து வைத்துவிடுங்கள்.

இனிப் பள்ளிவாசல். பிரிட்ஜ்டவுனில் கென்சிங்டன் நியூ ரோட்டில் ஜும்ஆ பள்ளி இருக்கிறது. அந்தப் பெயர் கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குப் பழக்கமானதுதான். 2024 ஜூன் 29 அன்று இருபது ஓவர் உலகக் கோப்பையை இந்தியா வென்ற கென்சிங்டன் ஓவல் மைதானம் அருகில்தான். டிரினிடாடுக்கும் கயானாவுக்கும் போனதுபோல் கரும்புத் தோட்டக் கூலிகளாக இங்கே இந்திய முஸ்லிம்கள் கப்பலில் கொண்டுவரப்படவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வங்காளத்திலிருந்தும் பின்னர் குஜராத்தின் சூரத் பகுதியிலிருந்தும் வணிகர்களாக வந்தார்கள். துணி மூட்டையைச் சுமந்து வீடு வீடாகப் போய்க் கடனுக்கு விற்று வாரக் காசு வாங்கியவர்கள் அவர்கள். நம் கடற்கரை ஊர்களின் பழைய தலைமுறை இலங்கையில் செய்த வியாபாரம் போலத்தான். ஜும்ஆ முடிந்து வெளியே நின்றபோது ஒரு முதியவர் கை கொடுத்து, எந்த ஊர் என்று விசாரித்து, ஹலால் இறைச்சி எந்தக் கடையில் என்று தெருப் பெயரோடு சொல்லிக் கொடுத்தார். எந்த இணையப் பட்டியலிலும் தேடி அலைய வேண்டியதில்லை, முதல் வெள்ளிக்கிழமை போனால் போதும். தெற்கிலிருந்து வரும் பேருந்துகள் நகரின் தென்புறம் இறக்கிவிடும். அங்கிருந்து ஊரை நடந்து கடக்க வேண்டும், நேரம் வைத்துக் கிளம்புங்கள்.

கிப்லா விஷயத்தில் நமக்கே முதல் நாள் தடுமாற்றம். ஊரில் மேற்கு நோக்கித் தொழுது பழகியவர்கள் நாம், லண்டனில் தென்கிழக்கு. இங்கே கிழக்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்த திசை. மேற்குக் கரையில் மஃரிப் தொழுதால் சூரியன் இறங்கிய கடல் முதுகுக்குப் பின்னால் இருக்கும். ஜூலையிலும் மஃரிப் ஆறரை மணிக்குள் வந்துவிடுகிறது. லண்டன் கோடையில் இஷாவுக்கு நள்ளிரவு வரை விழித்திருந்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் கடற்கரையில் ஆறு மணிக்கும் வெளிச்சம் நன்றாகவே இருக்கும், சட்டென்று இருட்டிவிடும். மஃரிபைத் தவறவிடுவது அப்படித்தான். தங்குமிடம் கரைக்குப் பக்கத்தில் வேண்டும் என்று நாம் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பயணத் தொழுகை பற்றிக் கேட்பவர்களுக்கு: ஷாஃபிஈ மத்ஹபில், வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாட்களோ அதற்கு மேலோ ஓரிடத்தில் தங்க நிய்யத் வைத்தால் முழுமையாகத் தொழ வேண்டும். ஹனஃபி மத்ஹபில் பதினைந்து நாட்களுக்குக் குறைவாகத் தங்கினால் கஸ்ர். ஒரு வாரம் தங்கிய நம் வீட்டில் நாம் நான்கு ரக்அத்தும், ஹனஃபியான மச்சான் இரண்டு ரக்அத்தும் தொழுதோம். பிள்ளைகளுக்கு அதை விளக்கவே ஒரு மாலை போயிற்று.

சாப்பாட்டுக்கு மீன் இருக்கிறது. நம் ஊரில் பறவைக் கோலா என்போமே, அந்த மீன்தான் பார்படாஸின் தேசிய உணவில் பாதி. மறுபாதி மக்காச்சோள மாவையும் வெண்டைக்காயையும் கிண்டிச் செய்யும் 'கூகூ'. களி தின்று வளர்ந்தவர்களுக்கு உடனே பிடித்துவிடும். உணவுப் பட்டியலில் 'டால்ஃபின்' என்று பார்த்துப் பதறாதீர்கள், மஹி மஹி என்ற மீனுக்கு அங்கே அந்தப் பெயர். ஓய்ஸ்டின்ஸ் மீன் சந்தையில் பச்சை மீன் வாங்கி வீட்டில் சமைத்ததுதான் நமக்கு நிறைவாக இருந்தது. வெள்ளி இரவில் அங்கே மீன் வறுவல் திருவிழாக் கூட்டம், மதுவும் சேர்ந்து ஓடும். பகலில் போய் வாங்கி வாருங்கள். வெளியே சாப்பிட்டால் எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள் என்று கேட்கத் தயங்க வேண்டாம். சனிக்கிழமைகளில் விற்கும் 'புட்டிங் அண்ட் சவுஸ்' பன்றி இறைச்சி. கறுப்பு நிறப் பழக் கேக்கில் ரம் ஊற வைத்திருப்பார்கள். பார்வைக்கு நம் வீட்டு கேக் போலவே இருக்கும், பிள்ளைகள் கை நீட்டிவிடும்.

ஆகஸ்ட் முதல் திங்கள்கிழமை 'கடூமென்ட்' நாள். அறுவடைத் திருவிழாவின் உச்சம், ஆட்டமும் பாட்டுமாகப் பெருங்கூட்டம் தெருவில் இறங்கும் நாள். லண்டன் பள்ளி விடுமுறையும் அப்போதுதான் என்பதால் பலர் தெரியாமலே அந்த வாரத்தில் போய் மாட்டிக்கொள்கிறார்கள். தேதியை ஒரு வாரம் தள்ளிப் பாருங்கள். புயல் பருவம் ஜூன் முதல் நவம்பர் வரை என்பதையும் மனத்தில் வைத்து, ரத்து செய்தால் பணம் திரும்பும்படி பதிவு செய்யுங்கள்.

வீட்டுக்காரரிடம் பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள் என்று இப்போது அழைப்பவர்களுக்கெல்லாம் சொல்கிறோம். இரவு பத்து மணிக்குமேல் பக்கத்தில் பாட்டுச் சத்தம் வருமா? சமையலறை நமக்கு மட்டுமா, மற்றவர்களோடு பொதுவா? கீழ்த்தளத்தில் அறை உண்டா? மூன்றாவது கேள்வி மாமிக்காக. நாம் மாறிப் போன வீட்டில் பதினாறு படி இருந்தது.